இறங்காத சைக்கிள்

நாங்கள் அந்த லாட்ஜுக்குப் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் இரண்டு மணி. வேனின் கூரையில் இரண்டு சைக்கிள்கள், பின்சீட்டில் கறுப்பு ரப்பர் குழாய்ச் சுருள்கள், என் மடியில் டூல் பெட்டி. வாசலில் நின்ற லாட்ஜ்காரர், பல வருஷம் கழித்து வந்த சம்பந்திகளைப் போல எங்களை வரவேற்றார். அவ்வளவு மரியாதை எனக்கு அப்போதே கொஞ்சம் உறுத்தியது.

அண்ணிக்கு வேலையே சாலைகளைத் தேடிப் போவதுதான். சந்தடி இல்லாத மலைச் சாலைகளைச் சைக்கிள்காரர்களுக்காகத் தொகுத்து வருஷத்துக்கு ஒரு புத்தகம் போடுகிற பதிப்பகத்தில் இருக்கிறார். ஒவ்வொரு சாலையிலும் மூன்று நாள் தங்கி, எத்தனை வண்டி போகிறது, வருகிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் சேர்ப்பார். எனக்குச் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை. துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு போவார். "ஒருத்தி எண்ணுறா, ஒருத்தன் எண்ணெய் போடுறான்" என்று அண்ணன் கிண்டலடிப்பான்.

இந்தச் சாலையைப் பற்றி லாட்ஜ்காரரே பதிப்பகத்துக்கு நாலு கடிதம் போட்டிருந்தார். மலைக்கு அடியில் சுரங்கப்பாதை திறந்து ஒன்பது வருஷம் ஆகிவிட்டதாம். அதற்குப் பிறகு பழைய சாலையில் ஈ காக்கை கிடையாது. பதினாலு கிலோமீட்டர் ஏற்றம். உச்சியில் இருந்த பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டதால் அதற்கு மேல் வழியில்லை. ஏறியவர் ஏறிய வழியேதான் இறங்கியாக வேண்டும்.

லாட்ஜுக்கு எதிரே, சாலைக்குக் குறுக்கே இரண்டு குழாய்களை ஆணியடித்துப் பதித்தோம். சக்கரம் ஏறினால் உள்ளே இருக்கும் காற்று அழுந்தும், ஓரத்துப் பெட்டி நேரத்தோடு பதிந்துகொள்ளும். எந்தக் குழாய் முதலில் அழுந்தியது என்பதை வைத்து வண்டி மேலே போனதா கீழே வந்ததா என்று தெரிந்துவிடும். மூன்று கிலோமீட்டர் மேலே, ஏழாவது வளைவில் இன்னொரு ஜோடி.

முதல் நாள் மாலை பெட்டியைத் திறந்து பார்த்த அண்ணி புருவத்தை உயர்த்தினார்.

மேலே: ஒரு சைக்கிள். நாலு மணி பத்து நிமிஷம். கீழே: ஒன்றுமில்லை.

"யாராவது மேல போனாங்களா?" என்று கேட்டார்.

"யாரும் போகலையேம்மா" என்றார் லாட்ஜ்காரர். சொல்லும்போது அவர் கண் எங்களைப் பார்க்கவில்லை, சாலையைப் பார்த்தது.

மறுநாளும் அதே நாலு பத்து. ஏழாவது வளைவில் நாலு இருபத்தொன்று. முந்தின நாளும் அதே பதினோரு நிமிஷம்தான். இறங்கியதற்குப் பதிவே இல்லை.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது அண்ணி என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "இந்த ஆளு நம்ம காதுல பூ சுத்துறாரு. சைக்கிள்காரங்க இந்தச் சாலைக்கு வர்றாங்கன்னு காட்டணும். தானே ஓட்டிட்டுப் போயி, காட்டு வழியா சைக்கிளத் தூக்கிட்டு வந்துடுறாரு."

"ரெண்டு நாளும் ஒரே நிமிஷத்துலயா அண்ணி?"

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "நேத்து நாலு மணிக்கு நீ எங்க இருந்த?"

"தூங்கினேன்."

"இன்னைக்கு?"

"ஓடைப் பக்கம் போயிருந்தேன். அண்ணி, சத்தியமா நான் இல்ல."

"விளையாட்டு வேலைக்கு நீ பேர் போனவன்" என்றார். சிரிக்கவில்லை.

லாட்ஜில் சமையலைக் கவனிப்பது லாட்ஜ்காரரின் அக்கா. அவர் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் என் பக்கமாகக் குனிந்தார். "சாயங்காலம் மேல போகாதீங்க தம்பி." அதற்குள் லாட்ஜ்காரர் சமையலறை வாசலில் வந்து நின்றார். அந்த அம்மாள் கூஜாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாம் நாள் அண்ணி ஒரு முடிவுக்கு வந்திருந்தார். சந்தேகப்பட்ட இரண்டு பேரையும் பிரித்துவைப்பது. லாட்ஜ்காரரைத் தன் எதிரில் நாற்காலி போட்டு உட்காரவைத்துக்கொண்டார். என்னைச் சைக்கிளில் ஏழாவது வளைவுக்கு அனுப்பினார். போனை அணைக்கக் கூடாது என்று உத்தரவு.

மூன்றரைக்கெல்லாம் பனிமூட்டம் இறங்கிவிட்டது. வளைவின் தடுப்புச் சுவரில் உட்கார்ந்தேன். பத்தடிக்கு அப்பால் சாலை இல்லை. மரங்களிலிருந்து நீர் சொட்டும் சத்தம் மட்டும். பறவைகூடக் கத்தவில்லை. சந்தடி இல்லாத சாலை என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு பிடிக்கவில்லை.

நாலு பத்துக்கு போனில் அண்ணியின் குரல் வந்தது.

"தம்பி."

"சொல்லுங்க அண்ணி."

"குழாய் அமுங்கிச்சு."

"யாரு?"

"யாரும் இல்ல. லாட்ஜ்காரர் என் எதுர்லதான் உக்காந்திருக்காரு. முதல்ல முன்சக்கரம், அப்புறம் பின்சக்கரம். என் கண்ணு முன்னாடி அமுங்கிச்சு. நீ இறங்கி வந்துடு."

இறங்க வேண்டுமானால் அதன் எதிரேதான் போக வேண்டும்.

பதினோரு நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். போனில் கரகரப்பு ஏறி, தொடர்பு அறுந்தது. சுவரோடு ஒட்டி நின்றேன்.

முதலில் சத்தம் வந்தது.

டிக் டிக் டிக் டிக்.

இருபது வருஷமாக என் கையில் உருளுகிற சத்தம் அது. பின்சக்கரத்து ஃப்ரீவீல். மிதிக்கிறபோது அது பேசாது. மிதிப்பதை நிறுத்திவிட்டு, சரிவில் வண்டி தானாக உருளும்போதுதான் டிக் டிக் என்னும்.

இந்தச் சத்தமோ மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தது.

மிதிக்காமல்.

பிறகு வாடை. கருகின ரப்பர். சூடான இரும்பு.

குழாய் அமுங்கியது. ஒரு முறை. இன்னொரு முறை.

சத்தம் எனக்கு நேர் எதிரே வந்து நின்றது.

நான் என்ன செய்தேன் என்று கேட்டால் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. சைக்கிளில் ஏறி, கீழ்நோக்கித் திருப்பி, விட்டேன் பார் என்று பாய்ந்தேன். ஐம்பது அடி போயிருக்க மாட்டேன். முதுகுக்குப் பின்னால் மறுபடியும் டிக் டிக் டிக். அதுவும் திரும்பிவிட்டது. என்னோடு இறங்குகிறது.

இன்னும் வேகமாகப் போகப் பார்த்தேன்.

"மெதுவா."

காதுக்கு ஒரு சாண் தள்ளி. சின்ன வயசுப் பெண் குரல். மிரட்டல் இல்லை, கெஞ்சல்.

"மெதுவா போங்க."

என் விரல்கள் தாமாக பிரேக்கைப் பிடித்தன. நான் வேகம் குறைத்தால் அந்தச் சத்தமும் குறைந்தது. வளைவில் நான் சாய்ந்தால் அதுவும் சாய்ந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் பின்பக்கத்திலிருந்து ஒரு மூச்சு இழுக்கும் சத்தம், வளைவு முடிந்ததும் அது வெளியேறும் சத்தம். திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து வலித்தது, அப்படிப் பிடித்து வைத்திருந்தேன்.

மூன்று கிலோமீட்டர். ஆறு வளைவு.

பனிக்குள்ளிருந்து லாட்ஜின் விளக்கு தெரிந்தது. சாலை நடுவில் லாட்ஜ்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் இடது தோளுக்குக் கொஞ்சம் பின்னால் பார்த்தார். முகம் கோணி, அழுகை வந்தது.

"வந்துட்டியாம்மா" என்றார்.

டிக் டிக் சத்தம் நின்றது.

அண்ணி பெட்டியைத் திருப்பிக் காட்டினார். கீழே: இரண்டு சைக்கிள்.

லாட்ஜ்காரர் சொன்னதை நான் படியில் உட்கார்ந்து கேட்டேன். சுரங்கப்பாதை திறந்த வருஷம். காலேஜ் படிக்கிற ஒரு பெண் தனியாக வந்து இவரிடம் சைக்கிள் வாடகைக்குக் கேட்டிருக்கிறாள். பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரிகிற நிலை. இவருக்கும் தெரியும்.

"நாளைக்கு மாத்திக்கலாம்னு விட்டுட்டேன். நாலு பத்துக்கு இந்த வாசல்லேர்ந்துதான் போனா. இறங்கும்போது ஒன்பதாவது வளைவு..." அவர் முடிக்கவில்லை. "தினமும் ஏறுறா. இறங்கப் பயப்படுறா. நான் போயி எத்தனையோ தடவ கூப்பிட்டுப் பாத்துட்டேன். என்னை நம்பி வரமாட்டேங்குறா. நல்லா ஓட்டத் தெரிஞ்சவங்க யாராவது முன்னாடி இறங்கினா..."

"அதுக்குத்தான் நாலு கடிதமா?" என்றார் அண்ணி. அவர் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை. "என் கொழுந்தன என்னன்னு நெனச்சீங்க? தூண்டில் புழுவா? அவன் விழுந்திருந்தா எங்க வீட்டுக்கு நான் எந்த முகத்தோட போறது?"

லாட்ஜ்காரரின் அக்காதான் எங்கள் பைகளை வேனில் கொண்டுவந்து வைத்தார். அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டோம். வழியில் அண்ணி ஒரே ஒரு தடவை பேசினார். "உன்னைச் சந்தேகப்பட்டேன். மனசுல வச்சுக்காத." நான் தலையாட்டினேன்.

புத்தகத்தில் அந்தச் சாலை இல்லை. உச்சியில் பாலம் இல்லாததால் பரிந்துரைக்க முடியவில்லை என்று அண்ணி எழுதிக் கொடுத்துவிட்டார்.

பாவம், அந்தப் பெண் ஒருவழியாக இறங்கிவிட்டாள், கணக்கு தீர்ந்தது என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு மாசம் கழித்து ஒரு காலை, கடை திறந்த நேரம், லாட்ஜ்காரரின் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, உங்க கடையில பிரேக் கட்டை கிடைக்குமா? ஐம்பது ஜோடி வேணும்."

"ஐம்பதா? மறுபடி சைக்கிள் வாடகைக்கு விடுறீங்களா?"

"இல்ல தம்பி. பழைய வாடகை சைக்கிள் எட்டும் ஷெட்டுலதான் கெடக்கு. சங்கிலி போட்டுப் பூட்டி, சாவி என் இடுப்புல." அவர் குரலைத் தாழ்த்தினார். "தினம் காலையில என் தம்பி புதுசா மாட்டி வைக்கிறான். சாயங்காலம் போயிப் பாத்தா கருகித் தேஞ்சு இரும்பு தெரியுது."

நான் கல்லாவைப் பிடித்துக்கொண்டேன். "எட்டுலயுமா?"

"இல்ல" என்றார். "முதல்ல ஒண்ணுலதான் தேஞ்சுச்சு. அந்தப் பொண்ணுதான் தினம் இறங்கி வர்றான்னு நெனச்சோம்."

போனில் சாவி கிணுங்கும் சத்தம் கேட்டது.

"இந்த வாரம் மூணு."