ஆளுக்கு ஒரு பதினேழு

வெண்டிக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. ஜோனதன் வருகிறான்!

இரண்டு வருடங்களுக்கு முன்புவரை அவர்கள் எல்லோரும் ஒரே தோட்டத்து லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு. பிறகு தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வெண்டியும், சுரேனும், சுரேனின் அக்கா புனிதாவும் ஈப்போவில் ஓர் அடுக்குமாடிக்குக் குடிவந்தார்கள். ஜோனதன் குடும்பம் மட்டும் அப்பாவின் தொழிற்சாலை வேலைக்காகக் கமுந்திங் ஊருக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் அவன் வருவது இன்றுதான் முதல் தடவை. அதுவும் நான்கு மணி வரைதான்.

வந்ததும் வராததுமாக, "நோட்டு இருக்கா?" என்று கேட்டான் ஜோனதன்.

இல்லாமலா? அட்டை கிழிந்த அந்த நோட்டில்தான் அவர்களுடைய கதை விளையாட்டே இருந்தது. புனிதா கதை சொல்வாள். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வீரனாகிப் பூதத்தைத் தேடிப் போவார்கள். அதற்கு முன்னால் வீரன் பிறக்க வேண்டும். காலி பால் டின்னில் மூன்று பகடைகளைப் போட்டுக் குலுக்கிக் கவிழ்த்தால், கூட்டி வருகிற எண்தான் வீரனின் பலம். இப்படியே வரிசையாக வேகம், தெம்பு, அறிவு, நிதானம், பேச்சு. பதினெட்டு வந்தால் ராஜா. மூன்று வந்தால் உட்கார்ந்து அழலாம்.

விழுந்தது விழுந்ததுதான், மாற்றக்கூடாது. இது லயத்துச் சட்டம்.

"மச்சான், இங்க பாரு! பலம் மூணு! வாத்து கொத்தியே செத்துப்போனானே, அவன்தான்," என்று பழைய பக்கத்தைக் காட்டினான் ஜோனதன். வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

பிறகு டின்னைக் குலுக்கினார்கள். வெண்டிக்குப் பதினாறு, பதினெட்டு, பதின்மூன்று என்று வந்துகொண்டே இருந்தது. சுரேனுக்குச் சுமார். கடைசியாக ஜோனதன் போட்டான். ஆறு, ஐந்து, எட்டு, ஏழு, நான்கு, ஒன்பது.

"அலாமாக்!" என்று தலையில் கை வைத்தான் சுரேன்.

ஜோனதன் பென்சிலைக் கீழே வைத்தான். "நீங்க வெளையாடுங்க லா. நான் பாக்குறேன். அப்பாவச் சீக்கிரமா வரச் சொல்லட்டா?"

வெண்டி அந்தப் பென்சிலை எடுத்து அவன் கையில் திணித்தாள். இன்று இப்படிப் போய்விட்டால், இனி எதற்காக இவன் ஈப்போவுக்கு வரப்போகிறான்?

"இவனுக்கு மட்டும் இன்னொரு தடவ போடலாமே," என்றாள்.

"அதெப்படி?" சுரேன் முறைத்தான். "எனக்கு நாலு விழுந்தப்ப யாராச்சும் மாத்த விட்டீங்களா? அந்த ஆள வச்சுத்தானே வெளையாடினேன்?"

அதுவும் நியாயம்தான்.

"அப்ப என் ஆள நீ எடுத்துக்க, ஜோனதன்."

"பாவம் பாத்து ஒண்ணும் தர வேணாம்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான் அவன்.

வெண்டி நோட்டைப் பார்த்தாள். வாத்து கொத்திய வீரன் செத்த மறுநாளே ஜோனதனுக்குப் புது வீரன் பிறந்திருந்தான். லயத்தில் தினமும் விளையாடினார்கள். இன்றைக்கு மோசமான வீரன் என்றால் நாளைக்கு வேறொருவன். அதனால்தான் அந்தச் சட்டம் யாருக்கும் வலிக்கவில்லை. இப்போது நாளை என்பதே இல்லையே!

அவளுக்கு லயத்து நாட்கள் ஏக்கமாக நினைவுக்கு வந்தன. தீபாவளிக்கு முதல்நாள் எல்லா வீடும் சேர்ந்து ஆடு வெட்டும். சுரேனின் அப்பா அர்ச்சுனன் வாழை இலைகளில் கூறு போடுவார். எந்த இலையிலும் கொஞ்சம் ஈரல் இருக்கும், கொஞ்சம் எலும்பும் இருக்கும். ஈரல் முழுக்க ஒரு வீட்டுக்கே போனதாகச் சரித்திரம் இல்லை.

வெண்டி சட்டென்று நிமிர்ந்தாள். "கூறு போடலாம்!"

"என்னாத்த?" என்றான் சுரேன்.

"நம்பர லா! ஆளுக்கு ரெண்டு தடவ டைஸ் போடுவோம். மொத்தம் ஆறு நம்பர். அதே ஆறு நம்பர்தான் நம்ம ஒவ்வொருத்தருக்கும். எத எங்க வைக்கிறதுன்னு அவங்கவங்க இஷ்டம்."

"அப்ப உன் பதினெட்டு?" என்று கேட்டாள் புனிதா.

இவ்வளவு நல்ல எண்கள் வெண்டிக்கு ஒருநாளும் விழுந்ததில்லை. மனசே இல்லைதான். ஆனாலும் அவற்றை எழுதியிருந்த தாளை இரண்டாகக் கிழித்தாள்.

சுரேன் யோசித்தான். "எல்லாருக்கும் ஒரே மாதிரின்னா சரிதான்."

அவன் பன்னிரண்டும் ஒன்பதும் போட்டான். வெண்டி பதினான்கும் பத்தும் போட்டாள். ஜோனதன் டின்னை நெடுநேரம் குலுக்கிக் கவிழ்த்தான்.

"பதினேழு!"

சுரேன் அவனை இடுப்போடு தூக்கியே விட்டான். அடுத்து விழுந்தது ஆறு.

"போச்சு! எல்லாருக்கும் எலும்பு போட்டுட்டியேடா!" என்றாள் வெண்டி. முதலில் சிரித்தவன் ஜோனதன்தான்.

சுரேன் பதினேழைப் பலத்தில் வைத்தான். வெண்டி வேகத்தில் வைத்தாள். ஜோனதன் பேச்சில் வைத்துவிட்டு, ஆறைப் பலத்துக்குத் தள்ளினான். புனிதாவின் கதையில் சுண்ணாம்புக் குகை வாசலில் பூதம் வழிமறித்தபோது, மற்ற இருவரும் வாளை உருவினார்கள். ஜோனதனின் வீரனோ, "சாப்டியாண்ணே?" என்று பூதத்திடம் கேட்டான். பூதத்தை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அது தேம்பித் தேம்பி அழுதது.

கீழே கார் ஹாரன் அடித்தது. மணி நான்கு.

ஜோனதன் சன்னலுக்கு ஓடினான். "அப்பா, கொஞ்சம் இருங்கப்பா! பூதம் இப்பதான் சாப்பிட உக்காந்திருக்கு!"

"எப்படா முடியும்?"

"தெரியலப்பா. நெறைய பூதம் இருக்கு. அடுத்த லீவுக்கும் வந்தாத்தான் முடியும்!"

புனிதாவின் நோட்டில் இருந்தது ஒரே ஒரு பூதம்தான். அவள் அவசர அவசரமாக இன்னும் ஆறு பூதங்களை எழுதத் தொடங்கினாள்.