18369-இல் நின்ற பூட்டு

கடைக்குப் போயிருந்த நர்ஸ் திரும்பி வந்தபோது, பேராசிரியர் மருந்து அலமாரியின் அடியில் விழுந்து கிடந்தார். கையில் சாக்பீஸ். நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கவேண்டிய மாத்திரை, பூட்டிய அலமாரிக்குள் பத்திரமாக இருந்தது.

காலை 9.20. இன்ஸ்பெக்டர் வந்தார். கணக்கில் பட்டம் வாங்கிவிட்டுக் காக்கி போட்டவர். இதே பேராசிரியரின் வகுப்பில் கடைசி பெஞ்ச்.

"பூட்டு நம்பர் என்ன?"

"17296 மேடம். நான் வேலைக்கு வந்ததுலேருந்து அதான்," நர்ஸ் விசும்பினாள். "இப்போ திறக்க மாட்டேங்குது."

"மாத்தினது யாரு?"

"சத்தியமா நான் இல்ல."

"நானும் தொடல," என்றாள் பேராசிரியரின் மகள். காலை நடைக்குப் போட்ட ஷூவைக்கூட அவள் கழற்றவில்லை. "அவகிட்டயே கேளுங்க."

கான்ஸ்டபிள் அதற்குள் நர்ஸின் கைப்பையைத் தரையில் கொட்டிவிட்டார். போகிற போக்கைப் பார்த்தால் கொலைப்பழி அவள் தலையில் விழுந்துவிடும்.

இன்ஸ்பெக்டர் குனிந்தார். பூட்டின் சக்கரங்கள் 18369-இல் நின்றிருந்தன. பக்கத்துக் கரும்பலகையில் கோணல்மாணலாக எண்கள்: 1, 2, 4, 8, 16, 23, 46, 92, 94... கடைசியில் 8648. கீழே கோடு. கூட்டுத்தொகை 18369.

எல்லாம் 17296-ஐ மீதியில்லாமல் வகுக்கும், அதைவிடச் சிறிய எண்கள். அவற்றைக் கூட்டினால் வேறோர் எண் வரும்; அதையும் அப்படி வகுக்கும் சிறிய எண்களைக் கூட்டினால் திரும்பவும் 17296-க்கே வந்துசேரும். நட்பு எண்கள். "ஒண்ணுக்குள்ள இன்னொண்ணு ஒளிஞ்சிருக்கு பாருங்க" என்று வகுப்பில் குழந்தைபோலக் குதிப்பார் அந்த மனிதர்.

ஆனால் அந்த நண்பன் 18369 இல்லையே?

விரல் ஒவ்வோர் எண்ணாக இறங்கியது. 46-க்குப் பிறகு 92. இடையில் 47 எங்கே? அதையும் சேர்த்தால் 18416. சக்கரங்களைத் திருப்பினார். பூட்டு திறந்துகொண்டது.

"நர்ஸம்மா, நட்பு எண் தெரியுமா?"

"எனக்குக் கூட்டலே தகராறு மேடம்."

இன்ஸ்பெக்டர் மகள் பக்கம் திரும்பினார். "வேற யாராவது மாத்தியிருந்தா வாய்க்கு வந்த நம்பரைப் போட்டிருப்பாங்க. இது சார் மடியில உட்கார்ந்து கணக்குப் படிச்ச கை. பழைய நம்பர் திறக்கலைன்னதுமே சாருக்கு உங்களைத்தான் தோணியிருக்கு. அதனாலதான் கணக்குப் போட ஆரம்பிச்சாரு."

மகள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"போட்ட மாத்திரையையே மறந்துட்டு மறுபடியும் முழுங்குவாரு. தெளிவா இருந்தா இந்தக் கணக்கை நொடியில போட்டுடுவாரு, குழம்பியிருந்தா பூட்டு திறக்காது. நேத்து ராத்திரி அப்படி நெனச்சுத்தான் மாத்தினேன். நர்ஸுகிட்ட காலையில சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். வலியோட கணக்குப் போடணும்னு யோசிக்கவே இல்லையே!"

"பழியை ஏன் அவமேல போட்டீங்க?"

"எங்கப்பாவை நானே கொன்னுட்டேன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

நர்ஸ் தன் சாமான்களைப் பொறுக்குவதை நிறுத்தினாள்.

"எந்த நம்பரை விட்டாரு?" மகள் கரும்பலகையைப் பார்த்தாள்.

"நாப்பத்தேழு."

"சின்ன வயசுல நான்தான் அதை விடுவேன். 'எங்கடி போச்சு நாப்பத்தேழு?'ன்னு தலையில குட்டிட்டு, அவரே எழுதிக் கொடுப்பாரு."

அவள் எழுந்து, அப்பாவின் விரல்களிலிருந்து சாக்பீஸை எடுத்தாள். 46-க்கும் 92-க்கும் நடுவில் சின்னதாக 47 என்று எழுதினாள். சாட்சியத்தில் கை வைக்கக்கூடாது என்பது சட்டம். இன்ஸ்பெக்டர் தடுக்கவில்லை.