கிளாக்கரைக் கடித்தது யார்?

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...!

கண்டி போலீஸ் ஸ்டேஷன் டெலிபோன் அலறியது.

சப் இன்ஸ்பெக்டர் கபிரியேல் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எடுத்தார்.

"சேர்! அம்பிட்டிய ரோட்டுல பொணம்! பியானோ டீச்சரம்மா வீட்டு முத்தத்துல!"

"யாரோட பொணம்?"

"தெரியல சேர்! எதிர்வீட்டுலருந்து பாக்குறேன். பொணத்து மேல ஒரு நாய் குந்தியிருக்கு. அது எழும்பினாத்தான் மூஞ்சி தெரியும்!"

டக்! லைன் அறுந்தது.



பிணம் கபிரியேலுக்குப் புதிதல்ல. மகாவலியில் மிதந்ததையும் பார்த்திருக்கிறார், பலாமரத்தில் தொங்கியதையும் பார்த்திருக்கிறார். நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறார்.

ஆனால் நாய்...!

"அஸீம்! துவக்கை எடு! புறப்படு!"

கான்ஸ்டபிள் அஸீம் துவக்கை எடுத்தார். "எங்க சேர்?"

"பொணம் பாக்க. பொணத்து மேல நாய்."

அஸீமின் முகம் சுருங்கியது. "சேர், நான் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒழுவோட ஈக்கிறேன். நாய்ட வாய் பட்டா ஏழு தடவ கழுவோணும். தூரத்துல நிண்டு சுடுறேன். கிட்ட மட்டும் ஏலா."

"நானும் தூரத்துலதான் நிப்பேன். வா!"

அந்த மாதம் ஊரெல்லாம் வெறிபிடித்த விசர்நாய்ப் பயம். மனிதனைக் கடித்த நாயை இருட்டுவதற்குள் சுட்டுவிட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அதனால்தான் துவக்கு.

அம்பிட்டிய ரோட்டில் அந்த வீடு. முற்றத்தின் நடுவே ஒரு மனிதர் குப்புறக் கிடந்தார். வெள்ளைக் கால்சட்டை, கறுப்புக் கோட்டு. அவர் முதுகில், சிம்மாசனத்தில் அமர்ந்த ராஜா மாதிரி... ஒரு நாய்!

தலை முதல் வால் வரை வெள்ளை. முட்டையைப் படுக்க வைத்தது போலத் தலை. இரண்டு குட்டிக் கண்கள். புல் டெரியர் சாதி!

"டீச்சரம்மா!" கபிரியேல் படலைக் கதவுக்கு வெளியே நின்றே கத்தினார்.

வீட்டுக்குள்ளிருந்து பியானோ டீச்சர் மார்கிரட் ஓடி வந்தார். ஐம்பது வயது, கழுத்தில் ஜெபமாலை, கையில் கரண்டி.

"ஐயய்யோ! இது யாரு?"

"உங்க வீட்டுப் பொணம், எங்களைக் கேக்குறீங்க?"

மார்கிரட் நாயின் முன்னால் போய் நின்று உள்ளங்கையை உயர்த்தினார். நாய் இறங்கிப் பக்கத்தில் உட்கார்ந்தது.

பிணம் முனகியது!

"அம்மோய்...!"

"உசுரு இருக்கு சேர்!" என்றார் அஸீம். படலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

பிணம் திரும்பியது. மீசை, தங்கப் பல்... பஸ்தியாம்பிள்ளை! புசல்லாவைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிளாக்கர்.

எழுந்தார். பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். வெள்ளைக் கால்சட்டையில், ஒரு கிளாக்கருக்கு மிகவும் தேவையான இடத்தில், சிவப்பாக நான்கு ஓட்டைகள்!

"இன்ஸ்பெக்டர் ஐயா! இந்த வெள்ளைப் பேய் என்னைக் கடிச்சுப்போட்டுது! இப்பவே சுடுங்கோ!"

கபிரியேல் மெல்ல உள்ளே வந்து, வாசலில் கிடந்த நாற்காலியைக் காட்டினார். "இந்தக் கதிரையில உக்காந்து சொல்லுங்க கிளாக்கர் ஐயா."

"இருக்கேலுமெண்டா நான் ஏன் கத்துறன்?"

நின்றுகொண்டே வாக்குமூலம் கொடுத்தார்.

"நான் டீச்சரைக் கண்டு கதைக்க வந்தனான். படலையடியிலை நிண்டு 'சாம்சன், சாம்சன்' எண்டு அன்பாக் கூப்பிட்டன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்ட நாய், சத்தம் கேட்ட உடனை திரும்பிப் பாத்துது. பாய்ஞ்சுது. நான் திரும்பி ஓடினன். கவ்வீட்டுது! பிறகு மயங்கிப் போனன்."

"பொய்!" மார்கிரட் கரண்டியை நீட்டினார். "சாம்சன் யாரையும் கடிக்க மாட்டான். படுத்துக் கிடக்கிற ஆள் மேல ஏறி உக்காருவான். அது வழக்கம். என் மேலயும்தான் உக்காருவான்."

"டீச்சரம்மா, எனக்கு உத்தரவு இருக்கு. கடிச்ச நாயை..."

"கடிச்ச நாயைச் சுடுங்க. கடிக்காத நாயை ஏன் சுடணும்?"

கபிரியேல் நாயைப் பார்த்தார். நாய் கபிரியேலைப் பார்த்தது. அவர்தான் முதலில் கண்ணைத் தாழ்த்தினார்.

"நிரூபிங்க," என்றார்.

புல் டெரியர் வளர்த்துக் குட்டி விற்கும் மார்கிரட்டின் முகம் மலர்ந்தது. நாயைப் பற்றி யாராவது கேட்டால் போதும், அவருக்கு அடுப்பில் கறி தீய்வதும் தெரியாது.

"என்கிட்டக் குட்டி கேட்டு வர்றவங்க வீட்டுக்கு நானே போவேன் சேர். வேலி எவ்வளவு உயரம்? நாயோட யார் இருப்பாங்க? இதுக்கு முன்ன வச்சிருந்த நாய் எப்படிச் செத்துச்சு? எல்லாம் கேப்பேன். போன மாசம் ஒரு தோட்டத்துத் தொரைக்கே இல்லன்னுட்டேன். நாயைச் சங்கிலில கட்டிப்போட்டுட்டு நாள் முழுக்கக் கிளப்புல கிடக்கிற மனுசன். புல் டெரியர் மனுச வாடையில்லாமக் கிடந்தாத்தான் கெட்டுப் போகும். ரத்தத்துல வர்றது பாதி, வளப்புல வர்றது பாதி!"

"கடி எதுல வருது டீச்சரம்மா?"

"ரெண்டுலயும். அதனாலதான் குணம் பாக்காம நான் எந்த நாய்க்கும் சோடி சேக்கிறதில்ல. இந்தாங்க குடை. அவன் மூஞ்சிக்கு நேரா டப்புன்னு விரிங்க."

"நானா?"

"வீட்டு ஆள் விரிச்சா அது சோதனை இல்ல. புது ஆள் விரிக்கணும்."

கபிரியேல் அஸீமைப் பார்த்தார். அஸீம் வானத்தைப் பார்த்தார்.

அந்தோனியாரை வேண்டிக்கொண்டு, கண்ணை மூடி, குடையை விரித்தார்.

டப்!

கடி விழவில்லை. கண்ணைத் திறந்தார். சாம்சன் குடையின் கீழே வந்து, வெயிலுக்கு இதமாக உட்கார்ந்திருந்தான்.

"பாத்தீங்களா? பயந்த நாய்தான் கடிக்கும். அவனுக்குப் பயமே கிடையாது. இப்ப சோறு."

ஒரு தட்டில் இறைச்சியும் சோறும் வந்தன. சாம்சன் முகம் புதைத்தான்.

"பாதியில தட்டை எடுங்க."

"டீச்சரம்மா... எனக்குப் பிள்ளைகள் இருக்கு."

"எடுங்க சேர்!"

எடுத்தார். சாம்சன் நிமிர்ந்தான். கபிரியேலின் கையை... நக்கினான்!

அவர் உடம்பு முழுக்க ஒரு சிலிர்ப்பு. பயமா, பாசமா? அவருக்கே புரியவில்லை.

"இதெல்லாம் சர்க்கஸ்!" பஸ்தியாம்பிள்ளை பொறுமை இழந்தார். "நேரம் போகுது! சுடுங்கோ!"

கபிரியேல் திடுக்கிட்டுத் திரும்பினார். கையிலிருந்த பித்தளைத் தட்டு நழுவியது. சாம்சனின் வாலுக்குப் பின்னால், கல் தரையில்...

டங்ங்ங்...!

அஸீம் துள்ளினார். கிளாக்கர் துள்ளினார். கூரையிலிருந்த காகங்கள் கிளம்பின.

சாம்சன்...?

காதைக்கூட அசைக்கவில்லை!

கபிரியேலின் மூளைக்குள் ஏதோ பளிச்சிட்டது. தட்டை மீண்டும் எடுத்தார். நாயின் பின்னால் போய் ஓங்கித் தட்டினார். டங்! டங்! டங்!

சாம்சன் ஒரு வண்ணத்துப்பூச்சியை ரசித்துக்கொண்டிருந்தான்.

மார்கிரட்டின் முகம் வெளிறிவிட்டது.

"டீச்சரம்மா! இந்த நாய்க்கு..."

"வெளிய சொல்லிடாதீங்க சேர்!" மார்கிரட் ஓடி வந்து தட்டைப் பிடுங்கினார். "வெள்ளைப் புல் டெரியர்ல சில குட்டிகள் செவிடாப் பொறக்கும். ஏன்னு பெரிய டாக்டர்மாருக்கே சரியாத் தெரியாது. வெளிய தெரிஞ்சா, செவிட்டு நாயைச் சுட்டுப் போடுன்னு ஊரே சொல்லும். என் மத்த நாய்களோட குட்டியையும் ஒருத்தரும் வாங்க மாட்டாங்க."

"குட்டியிலேயே தெரியலையா?"

"அது என் தப்பு. கூட்டமா வச்சுக் கை தட்டிப் பாத்தேன். எல்லாக் குட்டியும் திரும்பிச்சு. இவனும் திரும்பினான். பக்கத்துக் குட்டி திரும்புறதைப் பாத்துத் திரும்பியிருக்கான்! அன்னையிலருந்து ஒவ்வொண்ணா, தனி அறையில வச்சுத்தான் சோதிப்பேன். சாம்சனுக்குக் கைச்சாடை பழக்கினேன். வேலியை விட்டு வெளிய விடுறதில்ல. சோடியும் சேக்கிறதில்ல. இந்தக் குறை அவனோட நிக்கட்டும்."

சற்று நிறுத்தி, மூக்கை உறிஞ்சினார்.

"என்கிட்டப் பிள்ளைகள் பியானோ பழகுறப்ப, பக்கத்துல ஆசையாப் படுத்துக் கிடக்கிற ஒரே ஜீவன் அவன்தான் சேர்."

"நானா இருந்தாலும் காது கேக்காட்டித்தான் படுப்பேன்," என்றார் கபிரியேல். "ஆனா டீச்சரம்மா, இதை ரிப்போர்ட்டுல எழுதாம அவனைக் காப்பாத்த முடியாது. என்ன செய்ய?"

மார்கிரட் சாம்சனைப் பார்த்தார். அவன் வாலை ஆட்டினான்.

"எழுதுங்க! செவிடுன்னு கொட்டை எழுத்துல எழுதுங்க! குட்டி வாங்க ஆள் வராட்டிப் போகட்டும். இவன் இருக்கட்டும்."

கபிரியேல் மெதுவாகக் கிளாக்கர் பக்கம் திரும்பினார்.

"முதுகைக் காட்டிக்கிட்டு நின்ன செவிட்டு நாய், நீங்க கூப்பிட்ட சத்தத்தைக் கேட்டுத் திரும்பிச்சு. அப்படித்தானே?"

பஸ்தியாம்பிள்ளையின் தங்கப் பல் மறைந்தது.

"கூ... கூப்பிட்டது பிழையா இருக்கலாம். கடிச்சது உண்மை! ஓட்டை நாலு இருக்கு! பொய்யெண்டா நீங்களே பாருங்கோ!"

"பாக்கத்தான் போறோம்," என்றார் மார்கிரட்.

உள்ளே ஓடி துணி துவைக்கும் ஒரு சவர்க்காரக் கட்டியோடு வந்தார். அதில் நெய் தடவினார்.

"வேட்டைப்பல் மேல ரெண்டு, கீழ ரெண்டு. அதுதான் ஆழமா இறங்கும். பல்லுக்குப் பல் எவ்வளவு தூரம்னு பாத்தா வாய் யாருதுன்னு தெரிஞ்சிடும்."

சாம்சன் கவ்வினான். சவர்க்காரத்தில் நான்கு குழிகள். நுரை தள்ளிய வாயோடு அவன் நிமிர, அஸீம் வேலியோரத்துக்கே போய்விட்டார்.

மார்கிரட் ஒரு நூலால் குழிகளை அளந்து, கபிரியேலிடம் கொடுத்தார்.

"அஸீம், இந்த நூலை எடுத்துக்கிட்டுப் போய் கிளாக்கர் ஐயாவோட..."

"சேர், நான் ஒழுவோட..."

"நாய் வாய் பட்ட துணியும் ஆகாதோ? சரி, நானே பாக்குறேன்!"

கபிரியேல் குனிந்தார். அளந்தார். போலீஸ் உத்தியோகத்தில் சேரும்போது இதை யாரும் சொல்லவில்லை.

நூல் நீளமாக இருந்தது! கால்சட்டை ஓட்டைகள் நெருங்கி இருந்தன!

"கடிச்ச வாய் சின்ன வாய்!" என்றார் மார்கிரட். "பொட்டை நாயோட வாயா இருக்கலாம்!"

"அப்ப சாம்சன் தப்பிச்சான்." கபிரியேல் தொப்பியைச் சரிசெய்தார். குரலைத் தாழ்த்தினார். "ஆனா கிளாக்கர் ஐயா, உங்களைக் கடிச்சது ஊர் பேர் தெரியாத ஒரு நாய். விசர்நாயாகவும் இருக்கலாம். இப்பவே ஆஸ்பத்திரி. தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி!"

"என்ன... ஊசியோ?"

"இவ்வளவு நீளம் சேர்," என்று அஸீம் துவக்கைக் காட்டினார்.

"ஐயோ வேண்டாம்!" பஸ்தியாம்பிள்ளை அலறினார். "கடிச்சது என்ரை லேடி! என்ரை சொந்த நாய்! அவளுக்கு விசருமில்லை, ஒண்டுமில்லை! பின்வேலியிலை கட்டியிருக்கிறன்!"



"பின்வேலிலயா?" மார்கிரட்டின் கரண்டி மெல்ல உயர்ந்தது.

"ஓம்... போன மாசம் லேடிக்குப் பருவம் வரேக்கை உங்களிட்டைச் சாம்சனைக் கேட்டன். 'அவன் சோடிக்கு இல்லை'யெண்டு கதவைச் சாத்தினியள். எங்கடை குடும்பத்து நாய் உங்களுக்குக் குறைஞ்சு போச்சோ எண்டு எனக்கு வலு கோபம். எங்கடை தோட்டத்துத் தொரைக்குச் சாம்சன்ரை குட்டி தாறன் எண்டு வாக்கும் குடுத்திட்டன். நேற்று லேடிக்குத் திரும்ப ஈரம் கண்டன். களவாக் கொண்டுவந்து இவன்ரை கூட்டுக்குள்ளை விடுவமெண்டு, பின்வேலியிலை கட்டிப்போட்டு, குனிஞ்சு கூட்டுக் கொளுக்கியைக் கழட்டினன்... பின்னாலை நிண்டவள் கவ்வீட்டாள்! ஓடி வந்து முத்தத்திலை விழுந்தன். கூடு திறந்து கிடந்ததிலை இவனும் வந்து மேலை இருந்திட்டான்."

"பழியை அவன் மேல போட்டீங்க! சுடச் சொன்னீங்க!"

"சொந்த நாய் கடிச்சதெண்டு சொல்ல வெக்கமா இருந்துது டீச்சர்..."

"சொந்தக்காரனைக் கடிச்சா அது குடும்பச் சண்டை, சுடுற உத்தரவுல வராது," என்றார் கபிரியேல்.

அஸீம் தூரத்திலிருந்தே வழிகாட்ட, லேடியைப் பிடித்து வந்தார்கள். அவளும் வெள்ளை. ஒரு கண்ணில் மட்டும் கறுப்புத் திட்டு. சாம்சன் அன்போடு நெருங்கினான்.

உர்ர்ர்...!

சாம்சன் மரியாதையாகப் பின்வாங்கினான்.

மார்கிரட் லேடியின் வயிற்றை மெல்லத் தடவினார். காம்புகளைப் பார்த்தார். புருவம் உயர்ந்தது.

"கிளாக்கர் ஐயா, நேத்துப் பாத்த ஈரம் சிவப்பா?"

"இல்லை. வெள்ளைமாதிரி."

"பொட்டை நாய்க்கு வருசத்துக்கு ரெண்டு தடவைதான் பருவம் வரும். மாசாமாசம் வராது! இது பருவம் இல்ல. அதனாலதான் ஆண் நாய்ப் பக்கம் கொண்டுவந்ததும் உங்களைக் கடிச்சிருக்கா."

"பிறகென்ன இது?"

"சினை! இன்னும் மூணு நாலு கிழமையில குட்டி போடுவா!"

பஸ்தியாம்பிள்ளைக்குத் தலை சுற்றியது. உட்காரப் போனார். அலறிக்கொண்டு எழுந்தார்.

"நடக்காது! நடக்கவே நடக்காது! அந்தப் பருவம் முடியுமட்டும் அவளை அறைக்குள்ளை போட்டுப் பூட்டினனான்! ஒரு நாயும் கிட்டப் போகாமல் இரவு பகலாக் காவல் வச்சனான்!"

"யாரைக் காவல் வச்சீங்க?"

"என்ரை வீமனை! தொழிலாளர் லயத்து வீட்டுப் பக்கத்து நாட்டு நாய்தான், எண்டாலும் சிங்கம்! அறைக்குள்ளையே அவளோடை விட்டிருந்தனான். ஒரு நாயையும் அவன் கிட்டவே அண்ட விடேல்லை!"

மார்கிரட் வாயைப் பொத்திக்கொண்டார். அஸீம் துவக்கைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நின்று குலுங்கினார்.

கபிரியேல் தொண்டையைச் செருமினார்.

"அந்த வீமன்... ஆண் நாயா, கிளாக்கர் ஐயா?"

பஸ்தியாம்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார்.

கபிரியேல் சாம்சனின் முட்டைத் தலையைத் தடவியபடி சொன்னார்:

"வீட்டுல களவு போனா, காவல்காரனைத்தான் முதல்ல விசாரிக்கணும்னு எங்களுக்கு முதல் நாளே சொல்லித் தருவாங்க. வீமனை நாளைக்கு ஸ்டேஷனுக்கு அனுப்புங்க... மாமனார் முறைக்கு நீங்களும் கூட வரணும்!"