மண்டல விதி

சங்ககிரி தடச்சோதனைக் கூடத்தின் முன்னால் காலையிலேயே பதினேழு வண்டிகள் வரிசை கட்டி நின்றுவிட்டன. ஒன்றிலும் ஆளில்லை. ஆனாலும் ஒவ்வொன்றும் அதனதன் குணத்தோடுதான் வந்து நின்றது. ஒரு டெம்போ முன்வண்டியை முட்டுகிற மாதிரி நெருங்கி நின்று உறுமியது. அடுத்தது தாராளமாக இடம் விட்டு, பின்னால் வந்ததற்கு இண்டிகேட்டரை ஒரு தரம் மினுக்கியது. அதை ஓட்டிய கந்தப்பன் அப்படித்தான், எல்லோருக்கும் வழிவிடுகிற மனிதர். அவர் போய் ஆறு வருஷமாகிறது.

ஓட்டுநர் காலமானாலும் பெர்மிட் முடிகிறவரை வண்டியை அவர் கைதான் ஓட்ட வேண்டும் என்பது சட்டம். முகம் தெரியாத இயந்திரத்தை நம்ப மறுத்த சனங்கள், பழகிய கையை நம்பினார்கள். அதற்காக ஒவ்வொரு வண்டியிலும் இருக்கைக்கு அடியில், ஓட்டுநர் உயிரோடு ஓட்டிய விதத்தைப் பதிந்துவைத்த ஒரு கைப்பதிவுப் பெட்டி உண்டு.

தடச்சோதகர் குமுதவல்லிக்கு அந்தப் பெட்டியைவிட, அதற்குப் போகும் கம்பிகள்தான் முக்கியம். ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஓடும் இரண்டு கம்பிகள். அதற்கு உரைத்தடம் என்று பெயர். பிரேக், ஸ்டியரிங், விளக்கு எல்லாம் அதன் வழியாகத்தான் பேசிக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு கம்பிக்கும் நடுவே மீட்டரை வைத்தால் அறுபது ஓம் காட்ட வேண்டும். நூற்றிருபது என்றால் ஒரு முனை அறுந்துவிட்டது. சுழி, அதாவது பூஜ்ஜியம் என்றால் எங்கோ இரண்டும் ஒட்டிக்கொண்டன, ஷார்ட். வண்டி ஊமையாகிவிடும்.

மத்தியானம் கயிறு கட்டி இழுத்து வந்த முட்டை வேனில் சுழிதான் காட்டியது.

"எத்தனை நாளாச்சுங்க நின்னு?" என்று கேட்டாள் குமுதவல்லி.

"முந்தாநாள்ல இருந்துங்கக்கா." வேனின் சொந்தக்காரி மரகதம் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். முப்பது வயசு இருக்கும். புருஷன் நல்லசிவம் செத்து நாலு மாசம். இப்போது அவன் கை ஓட்டுகிறது. இவள் பக்கத்து இருக்கையில் போய்க் கடை கடையாக முட்டை இறக்குகிறாள்.

வேலையை முறையாகச் செய்வது குமுதவல்லியின் வழக்கம். ஒரு மீட்டர் முனையைக் கம்பியிலும் மறுமுனையை வண்டியின் உடலிலும் வைத்து வோல்ட் பார்த்தாள். பேட்டரி கழற்றித் தரையில் கிடக்கிறது. ஒன்றும் இருக்கக் கூடாது. அரை வோல்ட் இருந்தது. மிச்ச மின்சாரமாக இருக்கும் என்று பத்து நிமிஷம் பொறுத்தாள். அப்போதும் அரை வோல்ட். செத்த கம்பியில் ஏதோ ஒன்று மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பிரேக், சுழி. ஸ்டியரிங், சுழி. விளக்கு, கதவு, அப்போதும் சுழி. இருக்கைக்கு அடியில் கைப்பதிவுப் பெட்டியின் இணைப்பைப் பிடுங்கியதும் மீட்டர் சட்டென்று அறுபதுக்கு வந்து நின்றது. டார்ச் அடித்துக் குனிந்தாள்.

எலுமிச்சம்பழம். அதற்குச் செப்புத் தகடு சுற்றி, கறுப்புக் கயிறு கட்டி, தகட்டில் படாமல் நடுவே ஓர் ஆணி அடித்திருந்தார்கள். ஆணியின் நுனி பெட்டிக்குப் போகிற இரண்டு கம்பியையும் சேர்த்துக் குத்தியிருந்தது. தகடு வண்டியின் உடலில் சாய்ந்திருந்தது. புளிப்பும் இரும்பும் செம்பும் சேர்ந்தால் அதுவே ஒரு சின்ன பேட்டரி. அரை வோல்ட்டுக்குக் காரணம் கிடைத்ததில் குமுதவல்லிக்குச் சிரிப்பு வந்தது.

"யாரு வெச்ச கட்டுங்க அம்மிணி இது? நல்லா வேலை செஞ்சிருக்குது போங்க!"

மரகதம் சிரிக்கவில்லை. "எடுத்துறாதீங்கக்கா. உங்க காலைப் புடிக்கிறேன்."

"கைப்பதிவை ஊமையாக்குனா ஜெயிலுங்க. தெரியுமில்ல?"

"ஜெயிலுக்கு வேணாப் போறனுங்க. பள்ளிக்கோடம் போற புள்ளை ஒண்ணு இருக்குது. இதை எடுத்தா அதுக்குத் தாயும் இல்லாமப் போயிருமுங்களே."

பிறகு தணிந்த குரலில் சொன்னாள். நல்லசிவத்தின் உடம்பு பழைய கல்குவாரித் தண்ணீரில் மிதந்தது. வேன் மேலே விளிம்பில், கதவு திறந்தபடி நின்றது. கை கழுவப் போய்க் கால் வழுக்கியது என்று போலீஸார் எழுதினார்கள். இவள் வேனில் ஏறிய முதல் நாளே, லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது, சாயங்காலம் நாலு மணிக்கு வண்டி தார் ரோட்டை விட்டுத் தானாகக் குவாரிக்குத் திரும்பியது. விளிம்புக்கு ஓரடி முன்னால் நின்றது. இரண்டு ஹாரன் அடித்தது. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுப் பின்னால் எடுத்து வீட்டுக்கு வந்தது. அன்றிலிருந்து தினமும் அப்படியே.

"என்னையும் வரச் சொல்றாருங்க. ஒரு நாளைக்கு அந்த ஓரடியும் இருக்காது."

குமுதவல்லி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பயத்தைப் போக்குவது சுலபம். ஆனால் அதைப் போக்கும் வார்த்தை இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடும். சொல்லாமல் பழத்தைத் திரும்ப வைக்கவும் முடியாது.

"அந்தப் பெட்டிக்கு அவரு செத்தது தெரியாதுங்க. நீங்க பக்கத்துல இருக்கறதும் தெரியாது. மண்டல விதின்னு ஒண்ணு இருக்குது. ஒரு காரியத்தை ஓட்டுறவரு நாப்பத்தெட்டுத் தடவை செஞ்சாத்தான் பெட்டி அதைப் பழக்கம்னு எடுத்துக்கும். அதுக்குக் குறைஞ்சா பதியாது. கடைசி நாள் நடந்தது அதுல இல்லவே இல்லைங்க."

வெளியே ஏதோ ஒரு காலி வண்டி பொறுமையிழந்து இரண்டு தரம் உறுமியது.

"அப்போ... உசுரோட இருக்கறப்பவே போயிருக்காருங்களா?"

"ஆமாங்க."

"நாப்பத்தெட்டுத் தரம்?"

"குறைஞ்சது. ஆனா ஒவ்வொரு தரமும் பிரேக் புடிச்சிருக்காருங்க அம்மிணி. திரும்பி வந்திருக்காரு."

"வந்திருக்காருங்க. வந்து சோறு தின்னாரு. நான் வேற, முட்டை ஒடைஞ்சதுக்குச் சண்டை போட்டனுங்க. ஒண்ணுஞ் சொல்லலை அவரு."

"அந்த ரெண்டு ஹாரன் எதுக்குன்னுதான் எனக்குத் தெரியலை."

மரகதம் வேனின் காலி இருக்கையைப் பார்த்தாள். "எங்க வீட்டு வாசல்ல அடிக்கிறதுங்கக்கா அது. ரெண்டு அடிச்சாருன்னா நான் வந்து கேட்டைத் தொறக்கோணும்."

குமுதவல்லி பழத்தை எடுத்துவிட்டு, ஆணி குத்திய கம்பிகளுக்குப் புது உறை போட்டாள். சோதனைத் தாளில் பழுதுக்குக் காரணம் என்ற இடத்தில் 'எலி' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். இருபது வருஷத்தில் அவள் எழுதிய முதல் பொய். பேட்டரியை மாட்டியதும் ஸ்டியரிங் அரைச் சுற்று போய்த் திரும்பியது, தூங்கி எழுந்தவன் சோம்பல் முறிப்பது போல. மணி மூன்றரை. மரகதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

"இன்னைக்கேவா? வேண்டாங்க. ரூட்டை மாத்தித் தரச் சொல்லி மனு எழுதித் தாரேன்."

"இல்லீங்கக்கா, இருக்கட்டும். இருட்டறதுக்குள்ள புள்ளைகிட்ட வந்துருவனுங்க." அவள் கதவைச் சாத்தினாள். "ஹாரன் அடிச்சா ஆள் எறங்கி வரோணுமில்லீங்க?"