இரண்டு விநாடிச் சத்தம்

பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, தவறியும் எதிலும் பட்டுவிடாதபடி பழைய துணியால் சுற்றி ஓரமாக ஒதுக்கிவைத்த பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. பின்சீட்டைத் தூக்கி ஷெட் சுவரில் சாய்த்துவிட்டு, அதன் அடியில் இருந்த தகர மூடியின் நான்காவது ஸ்க்ரூவை அவன் திருகிக்கொண்டிருந்தான். மூடிக்குக் கீழே, பெட்ரோல் டேங்குக்குள்ளிருந்து, மெல்லிய முனகல். இரண்டு விநாடி. அப்புறம் நின்றுவிட்டது.

கார் ஓட்டுகிற எவருக்கும் பழகிய சத்தம்தான். சாவியை ஒரு கட்டம் திருப்பினால், எஞ்சின் கிளம்புவதற்கு முன்னாலேயே டேங்குக்குள் இருக்கும் பம்ப் இரண்டு விநாடி ஓடிக் குழாயில் பெட்ரோலை நிரப்பிவிட்டு அடங்கும். இதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது. பேட்டரி வயர் துணிக்குள் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பம்ப் எரிந்துபோய் ஆறு வாரமாகிறது.

அவன் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவன். பதினெட்டு வருடமாக இரும்பின் இரைச்சலுக்கு நடுவே நின்றதில், வேலை இல்லாத நாளிலும் காதுக்குள் ஏதாவது ஓடிக்கொண்டுதான் இருக்கும். இதுவும் அந்தக் கணக்குத்தான் என்று தன்னையே தட்டிக்கொடுத்துவிட்டு, ஸ்க்ரூவைக் கழற்றி டப்பாவில் போட்டான். கை மட்டும் ஒரு தடவை தானாகப் போய்ச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை, மணி மூன்றரைகூட ஆகவில்லை. ஆனால் மேகம் கட்டிக்கொண்டு நின்றதில் ஷெட்டுக்குள் விளக்கு வேண்டியிருந்தது. பெட்ரோல் வேலையில் வெறும் பல்பு ஆபத்து என்று மூடியிட்ட டார்ச் ஒன்றைத் தள்ளி மாட்டியிருந்தான். ஷெட்டின் பெரிய கதவை ஆவி வெளியேறுவதற்காக முழுக்கத் திறந்துவைத்திருந்தான். வீட்டுக்குள் போகிற சின்னக் கதவுக்கு அந்தப் பக்கம் அவனுடைய அக்கா மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஏழு வயது. வீட்டில் எல்லோருக்கும் அவள் 'குட்டி'. இனி அவளுக்கு இதுதான் வீடு.

வண்டி அக்காவுடையது.

"இத வித்துத் தொலைங்க," என்று காலையில்கூட மனைவி சொல்லிவிட்டுத்தான் ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போனாள். அவள் நர்ஸ். திரும்ப எட்டு மணியாகும்.

"நாளைக்கு ஸ்கூல் திறக்குது. புள்ளைய எதுல கூட்டிட்டுப் போறது?" என்றான் அவன்.

"ஆட்டோவுல போலாம், நடந்து போலாம். அவங்கம்மா செத்த வண்டியிலதான் போகணுமா?"

உண்மையான காரணத்தை அவளிடம் சொல்ல முடியாது. இந்த வண்டியை ஒரு தடவையாவது தன் கையால் ஓட வைத்துவிட்டால் நெஞ்சுக்குள் கிடக்கிற கல் கொஞ்சம் நகரும் என்று நினைத்தான். அந்தக் கல் என்ன கல் என்பது அவனைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

பாலத்துக்கு அடியில் போகிற சுரங்கப்பாதையில் மழைத்தண்ணீர் புகுந்து வண்டி நின்றது, அதற்குள் பெருவெள்ளம் வந்துவிட்டது என்றுதான் ஊர் முழுக்கப் பேச்சு. உண்மையில் வண்டி தண்ணீரால் நிற்கவில்லை. பெட்ரோல் ஃபில்டர் அடைத்து நின்றது. "டேய் எஞ்சினியர், வண்டி நடுவுல நடுவுல இழுக்குதுடா" என்று அக்கா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். புது ஃபில்டரையும் பம்பையும் வாங்கி அலமாரியில் வைத்ததோடு சரி. இந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று நான்கு ஞாயிறு போய்விட்டது.

அதுகூடப் பரவாயில்லை. சோம்பேறித்தனம், யாரிடம் இல்லை? அன்று சாயங்காலம் அக்கா சுரங்கப்பாதையிலிருந்து போன் செய்ததுதான் அவனைத் தூங்கவிடாமல் அடிக்கிறது. தண்ணீர் பாதி டயர்தான் இருக்கிறது, இறங்கி நடந்துவிடட்டுமா, பள்ளிக்கூடம் விட்டுவிடும், குட்டி காத்திருப்பாள் என்று கேட்டாள். அச்சகத்தில் அவசர வேலை. ஒரு கையில் போனும் இன்னொரு கையில் மை டப்பாவுமாக அவன் சொன்னான்.

"இறங்காதக்கா. உள்ளயே இரு. சாவிய ரெண்டு செகண்ட் ஆன் பண்ணு, ஆஃப் பண்ணு. மறுபடி ஆன். அப்படியே பண்ணிட்டே இரு. பம்ப் பிரஷர் கட்டிச்சுன்னா கிளம்பிடும்."

"எஞ்சினியர் சொன்னா சரிதான்," என்று சிரித்தாள் அக்கா.

மேலே கால்வாயின் கரை உடைந்தது அதற்குப் பிறகு எத்தனை நிமிடத்தில் என்று யாரும் கணக்குச் சொல்லவில்லை. வண்டியைக் கயிறு கட்டி இழுத்தபோது சாவி ஆன் கட்டத்தில் இருந்ததாக மெக்கானிக் சொன்னார். பம்ப் ஓடி ஓடியே எரிந்திருக்கிறது என்றும் சொன்னார். குட்டியைப் பள்ளி வாசலில் இருட்டும்வரை வைத்திருந்து, வாட்ச்மேன்தான் போன் செய்தார்.

தகர மூடியை எடுத்ததும் பம்பின் தலை தெரிந்தது. பிளக்கைப் பிடுங்கினான். இனி மின்சாரம் வர இன்னொரு வழியும் இல்லை. குழாயின் கிளிப்பை அழுத்தி இழுத்தபோது பெட்ரோல் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. இரும்பில் இரும்பு பட்டால் பொறி பறக்கும் என்பதால், பம்பை இறுக்கிப் பிடித்திருந்த பெரிய வளையத்தின் மேல் மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்டினான். டொக். டொக். வளையம் கால் சுற்று நகர்ந்தது. மூன்றாவது தட்டுக்கு அவன் கையை ஓங்கியபோது, உள்ளிருந்து மறுபடியும் அந்த முனகல் எழுந்தது.

இரண்டு விநாடி. நின்றது.

பிடுங்கிய பிளக் அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்தது. அவன் அதைப் பார்த்தான். பிறகு, எதற்கென்று தெரியாமல், தலையைத் தூக்கி ஓட்டுநர் சீட்டைப் பார்த்தான். பின்னாலிருந்து தெரிந்தது சீட்டின் முதுகும் தலைவைக்கும் திண்டும் மட்டும்தான். யாரும் இல்லை. ஆனால் ஆறு வாரம் வெயிலில் காயவைத்து, கடைசியில் எலும்பாகக் காய்ந்து போயிருந்த அந்தச் சீட்டின் துணி, திண்டிலிருந்து கீழ்நோக்கி ஒரு சாண் அகலத்துக்கு ஈரமாகக் கறுத்திருந்தது. தலைமுடி நனைந்த ஒருவர் சாய்ந்து உட்கார்ந்தால் எந்த இடம் நனையுமோ, அந்த இடம்.

கூரை ஒழுகுகிறது என்று நினைத்தான். வெளியே இன்னும் ஒரு தூறல்கூட விழவில்லை.

நிறுத்திவிட்டு எழுந்து போயிருக்கலாம். டேங்கை இப்படித் திறந்துபோட்டுவிட்டுப் போகக் கூடாது, வீட்டுக்குள் குழந்தை இருக்கிறது என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, வளையத்தைத் திருகி எடுத்தான். பம்பைப் பிடித்து மெதுவாகச் சாய்த்து, பெட்ரோல் அளவைக் காட்டும் மிதவைக் கம்பி வளையாமல் வெளியே இழுத்தான். பெட்ரோல் சொட்டியது. அந்தக் காரமான வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை ஏறி வந்தது. சாக்கடையும் சேறும் கலந்த, வெள்ளம் வடிந்த தெருவின் வாசனை.

பம்பை எடுத்துப்போய் மேஜைமேல் விரித்திருந்த செய்தித்தாளில் வைத்தான். வண்டியிலிருந்து ஐந்தடி தூரம். ஒரு வயர் இல்லை, ஒரு குழாய் இல்லை. மேஜைமேல் கிடக்கும் வெறும் ஜடம்.

அது முனகியது.

செய்தித்தாள் அதிர்ந்து படபடத்தது. இரண்டு விநாடி. நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம். மறுபடி இரண்டு விநாடி. நின்றது. மறுபடி.

ஆன், ஆஃப், மறுபடி ஆன். அவன் சொல்லிக்கொடுத்தது. ஒரு பிசகு இல்லாமல், அவன் சொல்லிக்கொடுத்தபடியே.

"மாமா."

அவன் துள்ளித் திரும்பினான். சின்னக் கதவில் குட்டி நின்றாள். பள்ளிச் சீருடை போட்டிருந்தாள். டை கட்டியிருந்தாள், முடிச்சு கோணலாக இருந்தது. முதுகில் பை.

"ஏன்டா கண்ணு இதப் போட்டிருக்க? ஸ்கூல் நாளைக்குத்தான."

"அம்மா வண்டிச் சத்தம் கேட்டுச்சு. வந்துட்டாங்களா?"

"இல்லடா. மாமா ரிப்பேர் பண்றேன். உள்ள போய்ப் படு. பெட்ரோல் நாத்தம், இங்க நிக்கக் கூடாது."

"நாலு மணி ஆகப் போகுது மாமா," என்றாள் அவள். அவனுக்கு மறதி என்பதுபோலப் பொறுமையாகச் சொன்னாள். பிறகு உள்ளே போனாள். கூடத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, வாசலைப் பார்த்து அவள் உட்காரும் சத்தம் கேட்டது.

அவன் சின்னக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். அப்போதுதான் அழுகை வந்தது. அக்கா செத்த வீட்டில்கூட வராத அழுகை, இப்போது தொண்டையைப் பிய்த்துக்கொண்டு வந்தது. ஆறு வாரமாக அக்கா எங்கே இருந்தாள்? அந்த இருட்டிலா? அந்தத் தண்ணீரிலா? ஒருத்தி சாவியைத் திருப்பிக்கொண்டே இருக்கிறாள், தம்பி சொன்னான் என்கிற ஒரே காரணத்துக்காக.

பம்ப் முனகியது. நின்றது. முனகியது.

"அக்கா," என்றான். "போதும்க்கா. நான் சொன்னது தப்பு. ஃபில்டரும் என் தப்புதான். யார்கிட்டயும் சொல்லல. வீட்ல சொல்லல. யார்கிட்டயும் சொல்லல." மூக்கைத் துடைத்தான். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய ஒரே வார்த்தையைக் கடைசியில் சொன்னான். "இறங்கிடுக்கா. வண்டிய விட்டு இறங்கி வந்துடு."

பம்ப் நின்றது.

அவன் பத்து வரை எண்ணினான். இருபது வரை எண்ணினான். சத்தம் இல்லை. முப்பதை எண்ணும்போது தோள் தளர்ந்தது, மூச்சு முழுசாக உள்ளே போனது. பாவி, இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்தான்.

ஓட்டுநர் கதவு க்ளிக் என்றது.

உள்ளே இருந்து தள்ளப்பட்டு, மெதுவாக, முழுசாகத் திறந்தது. சேற்றுத் தண்ணீர் ஒரு வாளி அளவு படியில் வழிந்து தரையில் விழுந்தது. அப்புறம் சிமென்ட் தரையில் ஈரமான ஒரு பாதம் பதிந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று. யாரும் இல்லை. பாதம் மட்டும். அது அவனிடம் வரவில்லை. அவனை ஒரு பொருட்டாகவே எண்ணாமல், நேரமாகிவிட்டவளின் அவசரத்தோடு, சின்னக் கதவை நோக்கிப் போனது.

தாழ்ப்பாள் நகர்ந்தது.

ஓட வேண்டும் என்று நினைத்தான். கால் வரவில்லை.

கூடத்திலிருந்து குட்டியின் குரல் கேட்டது. "ஏம்மா இவ்ளோ லேட்டு?"

அவள் வெளியே வந்தாள். ஒரு கை மேலே தூக்கியிருந்தது, யாருடைய விரலையோ பிடித்தபடி. பை முதுகில் இல்லை. அவளுக்குப் பக்கத்தில் காற்றில் தொங்கி வந்தது. பையின் வாரிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"குட்டி! இங்க வா! மாமாகிட்ட வா!"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முன்சீட்டில் ஏறினாள். பெல்ட் தானாக இழுபட்டு மாட்டிக்கொண்டது. கதவுகள் சாத்திக்கொண்டன. ஒன்று. இரண்டு. பின்கதவும்.

அப்போதுதான் அவன் கால் அசைந்தது. பாய்ந்தான். கைப்பிடியை இழுத்தான். வரவில்லை. மறுபக்கம் ஓடினான். வரவில்லை. சாவியைப் போட்டுத் திருகினான். பாதியில் முறிந்தது. சுத்தியலை எடுத்துக் கண்ணாடியில் அடித்தான். இன்னொரு அடி. கீறல்கூட இல்லை.

"குட்டி, இறங்கு! இறங்குடா! கதவத் திற!"

கண்ணாடியின் உள்பக்கம், கீழ் ஓரத்தில், பழுப்பாக ஒரு கோடு தெரிந்தது. அது ஏறியது. அவன் நின்ற தரை காய்ந்திருந்தது. கோடு ஏறியது. அவளுடைய மடி மறைந்தது. பை மிதந்து வந்து அவள் தோளில் இடித்தது. அவள் அதைத் தள்ளிவிட்டாள்.

ஓட்டுநர் சீட்டைப் பார்த்து அவள் பேசிக்கொண்டிருந்தாள். கையை ஆட்டி ஆட்டி. நடுநடுவே சிரித்துக்கொண்டு. சொல்ல நிறைய இருந்தது போலிருக்கிறது. தண்ணீர் டை முடிச்சைத் தொட்டது. அவள் முகத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டாள். பேச்சை நிறுத்தவில்லை.