நாற்பத்தேழில் முடியும் எண்

டிரைவர் சீட்டில் ரத்தம்.

டிரைவரைத்தான் காணோம்!

புறவழிச் சாலையில் அநாதையாய் நின்ற வாடகைக் காரைச் சுற்றி வந்தார் இன்ஸ்பெக்டர்.

“கடைசியா ஏறினது யாருன்னு கம்பெனிதான் சொல்லணும். நாங்க எழுதிக் கேட்டிருக்கோம். நீங்களும் போய்க் கேளுங்கம்மா.”

டிரைவரின் மனைவி, தையல்காரி, ஓடினாள்.

டாக்சி கம்பெனியின் வரவேற்பறையில் எல்லாம் பளபளத்தது... பதிலைத் தவிர.

“வெப்சைட்ல ஃபார்ம் இருக்கு மேடம். அதுல எழுதுங்க.”

“எதிர்லயே நிக்கறேனே! வாயால சொன்னா காதுல விழாதா?”

“ஃபார்ம்ல வந்தாதான் மேடம் பார்ப்பாங்க.”

வெளியே, கார் நிறுத்துமிடத்தில் ஸ்டெப்னி காத்திருந்தான். கணவன் போகிற இடமெல்லாம் கூடவே போய் அந்தப் பெயரை வாங்கிய நண்பன். காலையில் அவன் எங்கோ கிளம்பிக்கொண்டிருந்தபோது ஓடிப்போய் அவன் காரில் ஏறிக்கொண்டாள்.

முன் சீட்டில் உட்கார்ந்து செல்போனைத் தேய்த்தாள்.

‘உங்கள் புகார் எதைப் பற்றியது?’

கட்டணம்... தாமதம்... டிரைவர் வரவில்லை...

“டிரைவர் வரலைதான்! ரெண்டு நாளா வீட்டுக்கே வரலை!”

அழுத்தினாள்.

‘ஐந்து நிமிடம் பொறுத்திருக்கவும். டிரைவர் வந்துகொண்டிருக்கிறார்.’

“நாசமாப் போக!”

மறுபடி முதலிலிருந்து. பெயர். முகவரி. டிரைவர் அடையாள எண். கடைசியில்...

‘47-ல் முடியும் எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்பியுள்ளோம்.’

“அண்ணே... அவர் நம்பர் பன்னெண்டுலதானே முடியும்? அதுகூட ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கு. இது எந்த நம்பர்? கம்பெனி குடுத்த இன்னொரு போனா?”

ஸ்டெப்னி நெற்றியைத் துடைத்தான்.

“என்னைக் கேட்டா? விடும்மா. இதெல்லாம் கிணத்துல போட்ட கல்லு. வா, வீட்ல விடறேன்.”

‘நேரம் முடிந்தது.’

எழுதியது அத்தனையும் அழிந்தது. நான்காவது தடவை!

அவளுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் விரல் நிற்கவில்லை. ஐந்தாவது தடவை, அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது.

‘குறுஞ்செய்தி வரவில்லையா? அழைப்பு மூலம் பெற இங்கே அழுத்தவும்.’

அழுத்தினாள்.

ஒரு விநாடி... இரண்டு விநாடி...

ட்ர்ர்ரிங்!

சத்தம் வந்தது காரின் பின்புறத்திலிருந்து.

டிக்கிக்குள்ளிருந்து!

ஸ்டெப்னியின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. சாவியைத் திருகினான். அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தாள்.

“கேட்டை மூடுங்க! விடாதீங்க!”

காவலாளி கேட்டை இழுத்து மூடினார்.

அரை மணி நேரத்தில் ஸ்டெப்னியின் கையில் விலங்கு. டிக்கியில் வாய் கட்டப்பட்டு, மண்டை உடைந்து, மயக்க மருந்தில் முனகியபடி... கணவன். உயிரோடு!

“திருட்டுக் கார்களுக்கு நம்பர் பிளேட் மாத்தி வித்திருக்கான்,” என்றார் இன்ஸ்பெக்டர். “உங்க புருஷன் பார்த்துட்டாரு. ரெண்டு நாள் அடைச்சு வெச்சிருந்து, இன்னைக்கு ஊருக்கு வெளியே கொண்டுபோய்த் தீர்த்துடலாம்னு கெளம்பினவன் கார்ல நீங்க ஏறிட்டீங்க. எறங்குன்னு சொன்னா சந்தேகம் வரும்... மாட்டிக்கிட்டான். ஒரு போனைப் பிடுங்கி அணைச்சவனுக்கு, பேன்ட் உள்பையில கம்பெனி குடுத்த இன்னொரு போன் இருந்தது தெரியலை.”

தையல்காரி கணவனின் தலையை மடியில் ஏந்திக்கொண்டு விசும்பினாள்.

வரவேற்பறைப் பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“மேடம்! காணாமப் போன டிரைவர் கெடைச்சுட்டா அதுக்குத் தனி ஃபார்ம் இருக்கு மேடம்!”

கணவன் சிரமப்பட்டுக் கண் திறந்தான்.

“அதுக்கு... நான் டிக்கியிலேயே இருந்துக்கறேன்!”