இறங்குதளத்துக் காற்று

குடை பறந்தபோதுதான் அவனை முதன்முதலாகப் பார்த்தாள்.

பறக்கும் டாக்ஸிகள் இறங்கிப் பார்ப்பதற்காக, கார் நிறுத்தும் கட்டிடம் ஒன்றின் மொட்டைமாடியைச் சோதனைத் தளமாக்கியிருந்தார்கள். அங்கே காற்று எப்படிச் சுழல்கிறது என்று ஆராய வந்தவள் அவள். அவன் டாக்ஸியின் பைலட். விசிறிக் காற்றில் குடையைப் பறிகொடுத்து நின்றவளிடம், தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குள் யார் நிற்கச் சொன்னது என்று கேட்டான்.

"கோடு போட்டதே தப்பு. அதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்."

அவன் சிரித்துவிட்டான். என்ன கண்கள்... அந்தக் கோபத்திலும் அவளுக்குத் தோன்றியது.

ஆனால் மறுநாள் கூட்டத்தில், மேற்கு ஓரத்தில் காற்று கீழே அமுக்குகிறது, அந்தப் பக்கமாக இறங்கக் கூடாது என்று அவள் சொன்னபோது, மேடம் தரையில் நின்றுகொண்டே பயப்படுகிறார் என்றான், எல்லார் முன்னாலும். அதோடு பேச்சு நின்றது. ரேடியோவில் காற்றின் வேகத்தை மட்டும் சொல்வாள். சரி என்பான்.

ஒருநாள் அவன் மேலே பறந்துகொண்டிருக்கையில் மழை பிடித்துக்கொண்டது. குறுக்கு வழி என்று மேற்கிலிருந்தே வந்தான். ஓரத்தை நெருங்கியதும் டாக்ஸி சட்டென்று சரிந்து, கைப்பிடிச் சுவருக்குக் கீழே மறைந்தது. கடவுளே... மெல்ல, மிக மெல்ல அது மேலே எழும்பியது. பேட்டரி இறங்கிவிட்டது, இன்னொரு முறைதான் இறங்கிப் பார்க்க முடியும் என்றான் ரேடியோவில். குரலில் சிரிப்பு இல்லை.

"கிழக்குப் பக்கமா வாங்க. நான் சொன்னப்புறம் இறக்குங்க. அதுவரைக்கும் வேண்டாம்."

காற்றை அளக்கும் கருவியில் எண்கள் தாவின. தப்பாகச் சொல்லிவிட்டால்... என் வாயாலேயே அவனை... ஒரு கணம் காற்று தணிந்தது.

"இருங்க... இருங்க... இப்ப."

டாக்ஸி தரையைத் தொட்டது.

நனைந்தபடி வந்தான். முகம் வெளுத்திருந்தது. அன்று கூட்டத்தில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டான். கேட்ட பிறகும் போகாமல் நின்றான்.

"விழுந்துடுவேனோன்னு பயம் இருந்துச்சு... ஆனா உங்க குரல் கேக்காமப் போயிடுமோன்னுதான் ரொம்ப பயந்தேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

அவள் நிமிர்ந்தாள். இமைகளில் மழைத்துளி.

"எனக்கு இன்னும் நடுக்கம் நிக்கல. அந்தப் பயத்துலதான் தெரிஞ்சுது... நீங்க எனக்கு யாருன்னு."

அவன் நீட்டிய கையைப் பற்றிக்கொண்டாள். யாருடைய கை நடுங்குகிறது என்று இருவருக்குமே தெரியவில்லை.